டேஞ்சர் போய்ஸ் கழகத்துப் பெண் பிள்ளைகள்

2025 ஏப்ரல் 22

கந்தோரில் இன்று வேலை குறைவு. அபிவிருத்தி உத்தியோகத்தருக்கு வேலை குறைந்தால் என்ன செய்வது? போனைத் துழாவினேன். கொழும்பில் ஒரு நிதியம், பெண் பிள்ளைகளின் விளையாட்டுக்கு உதவி தருகிறதாம். பதிவு செய்த கழகம்தான் விண்ணப்பிக்கலாம். நம்மிடம் கழகம் இருக்கிறது, என் கூடப்பிறந்த காக்காதான் தலைவர். பிள்ளைகளும் இருக்கிறார்கள். இல்லாதது மறைப்பு ஒன்றுதான்.

மகள் ஸப்னாவும் கூட்டாளிமாரும் பாடசாலையில் வலைப்பந்து ஆடுகிறார்கள். பாடசாலை விட்டால் பந்து அலுமாரிக்குள் போய்விடும். கழக மைதானத்தின் கிழக்கு மூலை சும்மா கிடக்கிறது. ஆனால் அது கடற்கரை வீதியைப் பார்த்த மூலை. வாப்பாமார் எல்லாருக்கும் ஒரே கதை: "சுத்திவர மறைச்சித் தாங்க, புள்ளைகள அனுப்புறம்." ஊர்வாயை மூட உலைமூடி இல்லை, மைதானத்தைச் சுற்றித் தகரமாவது வரட்டும்.

எனக்கு அது கிடைக்கவில்லை. பாடசாலையோடு என் ஆட்டம் முடிந்தது. ஸப்னாவுக்கு அப்படி முடியக் கூடாது.

ஏப்ரல் 30

அனுப்பிவிட்டேன். "நிலைபேறான தாக்கம் யாது?" என்று ஒரு கேள்வி. பிள்ளைகள் விடாமல் ஆடுவார்கள் என்று எழுதினேன். வேறென்ன எழுதுவது?

வீட்டுக்காரர் பாயிஸ் வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரியோ சிரி. "டேஞ்சர் போய்ஸ் விளையாட்டுக் கழகம் எண்டு பேரப் போட்டு, பொம்புளப் புள்ளைகளுக்கு உதவி கேக்கிறியே மனிசி."

பேரில் என்ன இருக்கிறது? சாய்ந்தமருதிலிருந்து நிந்தவூர் வரைக்கும் கழகங்களுக்கு இங்கிலீசுப் பேர்தான். அர்த்தம் யார் பார்த்தது?

மே 9

அர்த்தம் பார்க்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள்.

நிதியத்திலிருந்து மேனுஜா என்று ஒரு பிள்ளை போன் எடுத்தாள். குரலைக் கேட்டதுமே நம்ம பக்கம் என்று தெரிந்தது, பாண்டிருப்பாம். "அக்கா, உங்கட விண்ணப்பம் எல்லாருக்கும் பிடிச்சிருக்கு. பேருதான் பிரச்சினை. இளைஞர் கழகத்துக்கு என்னத்துக்கு ஆபத்து எண்டு பேர் எண்டு குழுவில கேக்கிறாங்க. மாத்திட்டு, பொதுக்கூட்டத் தீர்மானத்தோட இந்த மாதத்துக்குள்ள திருப்பி அனுப்புங்க."

இவ்வளவுதானே, மாற்றினால் போயிற்று என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது.

மே 10

காக்காவிடம் சொன்னேன். ஊற்றிய தேத்தண்ணி அப்படியே ஆறியது.

"றம்ஸியா, சுனாமிக்குப் புறகு அந்த மைதானத்தில என்ன இரிந்த? வீடிரிந்ததா, சுவரிரிந்ததா? இடிஞ்ச கிணத்துக்குப் பக்கத்தில ஆரோ நட்டுப்போட்டுப் போன செவப்புப் பலகை ஒண்டுதான். டேஞ்சர் எண்டு எழுதின பலகை. அந்தக் கம்புதான் எங்களுக்கு விக்கட். அதப் பார்த்துத்தான் பேர் வெச்ச. மாத்துறதெண்டா முதல்ல தலைவர மாத்துங்க."

செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தெரியாததா? நானும் அந்தக் கடலுக்குத் தப்பினவள்தானே. ஆனா ஒரு பலகைக்காகப் புள்ளைகள வீட்டுக்குள்ள வெச்சிப் பூட்டுறதா? ஆம்புளைகளுக்கு நெஞ்சில சாத்திக்கிட்டுத் திரிய ஒரு பலகையாவது இரிக்கி. எங்களுக்கு என்ன இரிக்கி? சொல்லுங்களன் காக்கா.

மே 16

ஜும்ஆ முடிந்து காக்கா வரவில்லை. அவருக்கென்று எடுத்து வைத்த புரியாணியைப் பாயிஸ் சாப்பிட்டார்.

மே 23

கழகக் கட்டடத்தில் பொதுக்கூட்டம். பெண் பிள்ளைகளும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். நான் புதுப்பேர்களை வாசித்தேன். 'கோல்டன் ஹார்ட்ஸ்' என்றதும் செயலாளர் அஸ்ஹர், "அது கல்யாண மண்டபத்துப் பேர் மாதிரி இரிக்கி" என்றார். 'பீஸ் யூத்' என்றதற்கு, "கோழிப்பீஸா?" என்று யாரோ கேட்டார்கள். ஒன்றுக்கும் கை உயரவில்லை. அந்தப் பழைய டேஞ்சர் பலகை காக்காவின் தலைக்கு மேலே சுவரில் தொங்குகிறது.

அப்போதுதான் ஸப்னா எழும்பினாள். "மாமா, எங்களுக்கு டேஞ்சர் பிரச்சினையில்ல. போய்ஸ்தான் பிரச்சினை."

கூரை போகிற மாதிரிச் சிரிப்பு. காக்கா முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்கு. "சரி மகள், போய்ஸ எடுத்திரு. டேஞ்சர் மட்டும் இரிக்கட்டும்."

எல்லாக் கையும் உயர்ந்தது, என்னுடையதும். நாங்கள் பிழையான சொல்லை அல்லவா எடுத்திருக்கிறோம்? நிதியம் பயந்தது மற்றதற்கு.

மே 25

டேஞ்சர் விளையாட்டுக் கழகம். தீர்மானத்தோடு பலகையின் படத்தையும் வைத்தேன். அது எப்போது நட்டது, எங்கே நின்றது, அதைச் சுற்றி யார் விளையாடினார்கள் — காக்கா சொன்னபடியே எழுதினேன், ஒப்பனையில்லாமல். தந்தால் தரட்டும். எழுதி முடித்தபோது காக்காவின் மேலிருந்த கோபம் எங்கோ போயிருந்தது.

ஜூன் 7

ஹஜ் பெருநாள். காக்கா குர்பான் இறைச்சியோடு வந்தார். "கொழும்பு என்ன சொல்லுது?" என்றார். ஒன்றும் சொல்லவில்லை என்றேன். "சொல்லுவாங்க" என்று தேத்தண்ணியைக் கடைசிவரைக்கும் குடித்தார்.

ஜூன் 19

மேனுஜா எடுத்தாள். மறைப்புக்கும் கம்பங்களுக்கும் சம்மதமாம். சீமெந்துத் தளத்துக்கு இல்லை. "மணலில ஆடுவீங்களா அக்கா?" என்று கேட்டாள். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகியதே மணலில்தான் என்றேன். குழுவில் பலகையின் படத்தைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தார்களாம். அவளுடைய வீடும் சுனாமியில்தான் போனது என்று பிறகுதான் சொன்னாள்.

அல்ஹம்துலில்லாஹ். போனை வைத்துவிட்டு அழுதேன். பாயிஸ் என்னவோ ஏதோ என்று பயந்துவிட்டார்.

ஜூலை 27

பச்சைத் தகரம் சுற்றிவர நிற்கிறது. இன்று முதல் ஆட்டம். ஒரு சின்ன வாசல் விட்டிருக்கிறோம், அதற்கு ஒரு மறிப்பு வேண்டுமே என்று போன கிழமையெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பின்னேரம் போய்ப் பார்த்தால் வாசல் கம்பத்தில் அந்தப் பலகை. துருவைச் சுரண்டி, புதுச் சிவப்பு அடித்து, டேஞ்சர் என்ற எழுத்து மினுங்குகிறது. காக்கா கையில் சுத்தியலோடு நிற்கிறார். "இதத் தாண்டி எந்த ஆம்புள உள்ள போறான் எண்டு பாப்பம்" என்றார்.

ஊதல் சத்தம் கேட்டதும் அவருக்கே பொறுக்கவில்லை. "ஒருக்கா எட்டிப் பார்க்கட்டா?" என்று தலையை நீட்டினார்.

உள்ளேயிருந்து ஸப்னா, "மாமா, வாசிக்கத் தெரியாதா?"

காக்கா வெளியே ஒரு கல்லில் இருந்துகொண்டார், தண்ணீர்ப் போத்தல்களை மடியில் வைத்தபடி. நான் செருப்பைக் கழற்றி அவருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். ஒரு ஆள் குறைகிறதாம்.