எதிரொலிக்கு ஒதுக்கீடு இல்லை

செப்டம்பர் 3, செவ்வாய்

இன்று நாள் முழுக்கப் புதுக் கூடத்தின் தரையில் கயிறு ஒட்டும் வேலை. முதலில் மெல்லிய கயிறு, அதன்மேல் பட்டை நாடா. விரலால் தடவினால் கோடு தட்டுப்பட வேண்டும். ஒட்டுகிறவருக்குப் புரியவில்லை. "கண்ணுக்குத் தெரிஞ்சா போதாதா மேடம்?" கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள் என்றேன். தடவினார். இரண்டு இடத்தில் கயிறு விலகியிருந்ததை அவரே பிரித்துத் திரும்ப ஒட்டினார். அதைப் பார்த்ததும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. உதவிப் பொறியாளரான நான் கண்ணை மூடிக்கொண்டு தரையில் ஊர்ந்ததை என் மேலதிகாரி வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது.

சமூக விளையாட்டுக் கூடங்களைப் புதுப்பிக்க அரசு கொடுக்கும் நிதியில் எழுந்த கூடம் இது. வரைபடம் என்னுடையது. பழைய கூடத்தில் கையை உயர்த்தினால் கூரை தட்டும். கைப்பந்து ஆடும் உயரம் இருந்தால்தான் நிதி என்று விதி. உயர்த்தினேன். சாய்தளம், கைப்பிடி, கழிவறைக் கதவில் புடைப்பெழுத்துப் பலகை, எதையும் விடவில்லை.

சனிக்கிழமை தம்பியின் குழுவுக்கு முதல் பயிற்சி. பார்வையற்றவர்கள் ஆடும் ஆட்டம். பந்துக்குள் மணிகள் இருக்கும். எதிரணி தரையோடு உருட்டிவிடும். சத்தம் வரும் திசையில் பாய்ந்து, உடம்பைக் குறுக்கே போட்டுத் தடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் அதற்கு மணிப்பந்து என்று பெயர். என் தம்பிதான் குழுத்தலைவன். வாயைத் திறந்தால் பெருமையாகப் போய்விடும், இத்துடன் நிறுத்துகிறேன்.

செப்டம்பர் 7

என்ன நடந்தது என்றே புரியவில்லை.

பந்து இடப்பக்கம் வந்தது, தம்பி வலப்பக்கம் பாய்ந்தான். அடுத்ததும் அப்படியே. மூன்றாவதில் அவனும் பக்கத்து ஆட்டக்காரரும் முட்டிக்கொண்டார்கள். பழைய கூடத்தில் அவனைத் தாண்டிப் பந்து போனதாக எனக்கு நினைவே இல்லை. ஆளாளுக்கு "பழகிடும், பழகிடும்" என்றார்கள். எனக்காகச் சொன்னார்கள். வழுக்குகிறதா என்று தரையைப் பார்த்தேன், வழுக்கவில்லை. கயிறும் நகரவில்லை.

ஆட்டோவில் கேட்டேன்.

"பந்து நாலு பக்கத்துலேர்ந்தும் வருதுக்கா" என்றான்.

செப்டம்பர் 8

முட்டிக் கவசங்களைத் துவைத்துக் காயவைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டான். வழக்கமாக அவை வாசல் கதவுக்குப் பின்னால் தொங்கும்.

செப்டம்பர் 11, புதன்

இன்று கைதட்டிக்கொண்டே திரிந்தேன்.

குளியலறையில் தட்டினால் சத்தம் கணீரென்று திரும்புகிறது. அம்மாவின் துணி அலமாரியைத் திறந்து அதற்குள் தலையை விட்டுத் தட்டினால் செத்துப்போகிறது. அலுவலக நடைக்கூடத்தில் வால் மாதிரி நீளுகிறது. ஆனால் கோப்பறையில்? தட்டியது நான்தானா என்றே சந்தேகம் வந்தது. அவ்வளவு காகிதமும் சத்தத்தைத் தின்றுவிடுகிறது. இத்தனை வருடம் அந்த அறைக்குள் போய் வருகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லையே!

ஆகட்டும் சார் எட்டிப் பார்த்தார். "யாருக்கும்மா கைதட்டல்? நான் ஓய்வு பெறப் போறேன்னு எவனாவது கிளப்பி விட்டானா?"

மாலை கூடத்துக்குப் போய் நடுவில் நின்று ஒரே ஒரு தட்டு. அது கூரைக்குப் போய், சுவருக்கு வந்து, மறுபடி கூரைக்குப் போய்... அடங்குவதற்குள் நான் மூச்சுவிட்டு முடித்திருந்தேன். ஒரு தட்டுக்கே இந்தக் கூத்து என்றால், உருண்டு வரும் மணிகளுக்கு?

செப்டம்பர் 15, ஞாயிறு

கெஞ்சிக் கூத்தாடித் தம்பியைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். நாங்கள் இருவர் மட்டும். அவன் நாக்கைச் சொடுக்கிக்கொண்டே நடந்தான். பழைய கூடத்தில் இப்படிச் சொடுக்கினால் சுவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடுவான். இன்று நடுவில் நின்று, "இங்க சுவரே இல்ல. இல்லன்னா எல்லாமே சுவர்" என்றான்.

பழைய கூடத்தில் என்ன இருந்தது என்று கேட்டேன். எனக்கு ஞாபகம் இருப்பது குப்பைதான். அவன் அடுக்கினான்: வலப்பக்கச் சுவர் முழுக்க யாரோ போட்டுவிட்டுப் போன பஞ்சு மெத்தைகள், பின்னால் கோணி மூட்டைகள், மேலே கந்தல் பந்தல் துணி, தாழ்ந்த கூரை. எல்லாவற்றையும் ஓட்டை உடைசல் என்று லாரியில் ஏற்றி அனுப்பியது நான். அன்று கைதட்டி மகிழ்ந்ததும் நான்தான்.

சரி செய்துவிடலாம், எப்படி என்று யோசிக்கிறேன் என்று சொன்னேன். அவனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உனக்கு இது கணக்கு மாதிரி இருக்கு. விடை கண்டுபிடிக்கணும், அவ்வளவுதான். எனக்கு அப்படி இல்லக்கா. வீட்ல, ரோட்ல, ஆபீஸ்ல, எங்க போனாலும் யாராவது என் முழங்கையைப் பிடிச்சுக்கறாங்க. நல்லெண்ணத்துலதான். அந்தக் கூடத்துல மட்டும்தான் யாரும் பிடிக்க மாட்டாங்க. நான் பாட்டுக்கு ஓடுவேன், விழுவேன். அது போச்சு."

இந்த மாதத்தோடு குழுவைக் கலைத்துவிடலாமா என்று மற்றவர்கள் பேசுகிறார்களாம். நவம்பரில் நம் கூடத்திலேயே நடப்பதாக இருந்த, மாநில அணிக்கான தேர்வு ஆட்டத்தை வேறெங்காவது மாற்றிக்கொள்ளச் சொல்லப்போகிறார்களாம்.

திரும்பும்போது சாய்தளத்தில் என்னையறியாமல் அவன் முழங்கையைப் பிடித்தேன். உடனே விட்டேன். கவனித்திருப்பான்.

செப்டம்பர் 19

நிதி அலுவலகம். அங்கே முடிவெடுப்பவர் ஒரு மேடம். எந்த மதிப்பீட்டைக் கொடுத்தாலும் பாதியாக்கித் தருவதால் எங்கள் வட்டாரத்தில் கத்திரிக்கோல் என்று பெயர். சுவருக்குக் கனத்த திரைச்சீலை வேண்டும் என்று ஆரம்பித்தேன்.

"திரை அலங்காரத்துல வரும். அலங்காரத்துக்கு ஒதுக்கீடு இல்ல."

"அலங்காரத்துக்கு இல்ல மேடம், எதிரொலிக்கு."

"எதிரொலிக்கும் ஒதுக்கீடு இல்ல. கட்டுமானம், பழுதுபார்ப்பு, விளையாட்டுக் கருவி. மூணே தலைப்பு. நீங்களே சொல்லுங்க, எதுல போடறது?"

கழிவறை எங்கே என்று கண்டுபிடிக்கப் பலகைக்குக் காசு தந்தீர்கள், பந்து எங்கே என்று கண்டுபிடிக்கத் தர மாட்டீர்களா என்று கேட்டுவிட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூரையை ஏன் அவ்வளவு உயரமா கட்டினீங்க?" உங்கள் விதி என்றேன். "கைப்பந்து ஆடறதுக்கான விதி. நீங்க கைப்பந்துக்கா கட்டினீங்க?"

பஸ்ஸில் வரும்போதெல்லாம் அந்தக் கேள்விதான். நான் யாருக்காகக் கட்டினேன்? தம்பிக்காக என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அவனிடம் ஒரு வார்த்தை கேட்டேனா? நிறம் பற்றிக்கூட அம்மாவிடம் கேட்டேன்! கண்ணிருக்கிற எல்லோரிடமும் கேட்டேன்.

செப்டம்பர் 23

காலையில் அம்மா: "என் போர்வை எல்லாம் எங்கடி? ஜமுக்காளத்தையும் காணோம்!"

எல்லாம் கூடத்தில் கொடி கட்டித் தொங்குகின்றன. எங்கள் வீட்டுப் போர்வைகள், ஆட்டக்காரர்களின் வீடுகளிலிருந்து வந்த மெத்தைகள், ஆகட்டும் சார் வீட்டுப் படுதா ஒன்று. பார்க்கச் சலவைக்கடை மாதிரி இருந்தது. ஒரு பக்கச் சுவரை மட்டும்தான் மூட முடிந்தது. தம்பி வர மறுத்துவிட்டான். குழுவில் இருக்கும் ஆசிரியரை நிற்கவைத்துப் பந்தை உருட்டினேன். முதலில் விட்டார். போர்வைச் சுவர்ப் பக்கம் மாறி நிற்கச் சொன்னேன், பிடித்தார். மறுபடி பிடித்தார்.

"இந்தப் பக்கம் ஒரு சுவர் வந்திருக்கும்மா" என்றார். வந்திருக்கிறதாம்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போர்வை போட்டதும் சுவர் வந்துவிட்டது.

சாயந்திரத்துக்குள் எல்லாவற்றையும் கழற்றி அவரவர் வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. மனிதர்கள் தூங்க வேண்டுமே.

செப்டம்பர் 24

தூங்கி எழுந்ததும் ஒரு கேள்வி. மெத்தை விளையாட்டுக் கருவி இல்லையா?

செப்டம்பர் 26, வியாழன்

மறுபடியும் கத்திரிக்கோல் மேடம். இந்த முறை குரலை உயர்த்தக் கூடாது என்று வழியெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

கரணம் அடிக்கும் பயிற்சிக்கு மெத்தை வாங்கலாமா என்று கேட்டேன். வாங்கலாம், கருவி. அதை மாட்டிவைக்கச் சுவரில் கொக்கி? அது கட்டுமானம். "மெத்தையை எப்பவும் தரையில்தான் போட்டு வைக்கணும்னு விதி இருக்கா மேடம்?"

அவர் விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிஜமாகவே ஒவ்வொரு பக்கமாகப் படித்தார். என்னைப் போலவே இவருக்கும் தெரிந்துகொள்ளும் ஆசை உண்டோ என்று தோன்றியது.

"அப்படி எங்கயும் இல்ல" என்றார். சிரித்த மாதிரிதான் இருந்தது, சத்தியம் செய்ய மாட்டேன். "ஆனா ஒண்ணு. கரணப் பயிற்சி நிஜமா நடக்கணும். நான் சொல்லாம வந்து பார்ப்பேன். பேருக்கு வாங்கிச் சும்மா தொங்கவிட்டீங்கன்னா மெத்தையோட உங்களையும் சேர்த்துக் கேள்வி கேட்பேன்."

அருகிலுள்ள பெண்கள் பள்ளியில் ஏற்கெனவே கேட்டுவைத்திருந்தேன். அங்கே உடற்பயிற்சி ஆசிரியை சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்துத்தான் கரணம் சொல்லிக்கொடுக்கிறார். செவ்வாய், வெள்ளி மெத்தைகள் தரையில். மற்ற நாள் சுவரில். தலைமையாசிரியை என் கையைப் பிடித்துக் குலுக்கியே வலிக்க வைத்துவிட்டார்.

ஆகட்டும் சாரிடம் சொன்னேன். "ஆகட்டும்" என்றார். வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சொல் இனித்தது.

அக்டோபர் 5

மெத்தைக் கடை. ரெக்சின் உறை போட்டது பளபளவென்று இருந்தது, துடைப்பதும் சுலபமாம். துணி உறை போட்டது சாதா. இரண்டையும் நிமிர்த்தி வைக்கச் சொல்லி நடுவில் நின்று கைதட்டினேன். ரெக்சின் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறது, துணி வாங்கிக்கொள்கிறது. கடைக்காரர் தன் பையனிடம், "மேடத்துக்குத் தண்ணி கொண்டு வாடா" என்றார். எனக்கு மறை கழன்றுவிட்டது என்று முடிவு கட்டியிருப்பார்.

துணி உறைதான் சொல்லியிருக்கிறேன்.

அக்டோபர் 19, சனி

மெத்தைகள் ஏறிவிட்டன. மூன்று சுவர். கூரை மட்டும் இன்னும் முணுமுணுக்கிறது, அதற்கு என் கையில் வழியில்லை. குழு ஆடிப் பார்த்தது. பழைய கூடம் மாதிரி இல்லை, ஆனால் ஆட முடிகிறது என்றார் ஆசிரியர். கலைக்கும் பேச்சை ஒத்திவைத்திருக்கிறார்கள். தேர்வு ஆட்டமும் இங்கேயேதான்.

தம்பி வரவில்லை.

வீட்டில் சொன்னபோது கேட்டுக்கொண்டான். "நல்லா செஞ்சிருக்கக்கா" என்றான், விருந்தாளியிடம் பேசுவது போல. பயமாக இருக்கிறதா என்று கேட்டேன்.

"அன்னிக்கு எனக்கு உடம்பே பொய் சொல்லுச்சு. காது சொன்ன பக்கம்தானே பாஞ்சேன்? இன்னொரு தடவ அப்படி ஆச்சுன்னா ரோட்டக் கடக்கக்கூட நம்பிக்கை வராது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. அவன் ஆட்டம் போயிற்றே என்றுதான் வருந்திக்கொண்டிருந்தேன். போனது அதைவிடப் பெரியது. அழுதுவிட்டேன். சத்தம் போடாமல்தான் அழுதேன், இருந்தும், "அழாத, மூக்கு உறிஞ்சறது கேக்குது" என்றான்.

வா என்று இனிக் கூப்பிட மாட்டேன். கூப்பிடுவதும் ஒருவிதத்தில் முழங்கையைப் பிடிப்பதுதானே.

அக்டோபர் 22

கத்திரிக்கோல் மேடம் சொல்லாமல் வந்தார். செவ்வாய். முப்பது பெண்கள் மெத்தை மெத்தையாக உருண்டுகொண்டிருந்தார்கள். ஓரமாக நின்று பார்த்துவிட்டு, "நாலாவது கொக்கி ஆடுது, பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஆடத்தான் செய்தது.

அக்டோபர் 27, ஞாயிறு

தம்பி காலையிலேயே வெளியே போயிருந்தான். எங்கே என்று அம்மாவுக்கும் தெரியவில்லை. மத்தியானம் முழங்கையில் சிராய்ப்போடு வந்து இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டான். நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம்! மருந்தை மட்டும் நகர்த்தி வைத்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தேர்வு ஆட்டம். மணிப்பந்து ஆடும்போது பார்க்க வந்தவர்கள் மூச்சுக்கூடச் சத்தமாக விடக் கூடாது. அம்மா கதவோரமும், நான் கடைசி வரிசையில் ஆகட்டும் சாருக்கு அடுத்த நாற்காலியிலுமாக உட்கார்ந்தோம். தம்பி நடுவில் நின்றான். ஆடுகிற எல்லோரும் கட்டியாக வேண்டிய கண்பட்டையை இறுக்கிக்கொண்டு, குனிந்து, கோட்டைத் தடவிப் பார்த்தான்.

முதல் பந்து. இடப்பக்கம் வந்தது. இடப்பக்கம் பாய்ந்தான்.

பதற்றத்தில் கைப்பையில் மிட்டாய் இருக்கிறதா என்று துழாவினேன். ஒன்று கிடைத்தது. முடிந்த மட்டும் மெதுவாகத்தான் பிரித்தேன். எதிரணி பந்தைக் கையில் எடுத்திருந்தது. தம்பி எழுந்து நின்று கையை உயர்த்தி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னான்.

"கடைசி வரிசையில யாரோ காகிதம் பிரிக்கறாங்க" என்றான். தலையைச் சாய்த்தான். "வலப்பக்க ஓரம். எங்க அக்காதான். நடுவர் சார், அவங்களக் கொஞ்சம் வெளியில அனுப்புங்க."

கூடமே அடக்க முடியாமல் சிரித்தது. நடுவர் வாசலைக் காட்டினார். ஆகட்டும் சார் காலை ஒடுக்கி வழிவிட்டார்.

மிச்ச ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து, மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டு, உள்ளே மணி உருள்வதையும் அது சட்டென்று நிற்பதையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.