மாமியின் பச்சைச் சீலை

வெள்ளி, இரவு.

வெங்காயத் தோட்டத்தில் ஆண்களுக்குக் கொடுக்கும் கூலியே பெண்களுக்கும் வேண்டும் என்று இன்று யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தடியில் நின்றோம். தோட்டக்காரர் கண்டால் இனி வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்று, என்னோடு வெங்காயம் கிண்டும் மாமி வரவில்லை. எனக்கும் பயம்தான். ஊரார் அடையாளம் காணாதபடி மாமியின் பச்சைச் சீலையை உடுத்து, கோரிக்கை எழுதிய அட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு கத்தினேன். நான் ஒரு மக்கு.

பின்னேரம் மாமி போனை நீட்டினார். பேஸ்புக்கில் நாங்கள் நின்ற படம்; என் முகம் தெரியவில்லை, பச்சைச் சீலை மட்டும் பளிச்சென்று தெரிந்தது.

“எங்கடை உரும்பிராய் ஊர் முழுக்க நான் நிண்டதெண்டு கதைக்குது. தோட்டக்காரரும் போனிலை கோல் எடுத்துக் கேட்டவர்.”

“ஐயோ மாமி, என்ன சொன்னனீங்கள்?”

“ஓம், நான்தானெண்டு சொன்னன். உன்ரை வேலையாவது மிஞ்சட்டும்.” என் கோப்பையில் சோற்றைப் போட்டார். “அடுத்தமுறை நானே வாறன். அந்தச் சீலையை எனக்கு விடு.”