லேமினேட் செய்த உண்ணிச்செடி

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், ஜெராக்ஸ் மிஷினுக்குக் கொஞ்சம் கரகரப்பு, என் மானத்துக்கு லேசான காயம். அங்கே நீயும் உன் நாற்றுகளும் சுகந்தானே?

மானத்துக்கு என்ன ஆயிற்று என்றால், கடைக்கு எதிர்ப் பள்ளிக்கூடத்தில் காட்டுச் செடிகளையும் காட்டு வேலைகளையும் பிள்ளைகளுக்கு அறிமுகம் செய்கிறோம் என்று ஒரு கூட்டம் வைத்தார்கள். மகள் காட்டில் வேலை பார்க்கிறாளே, அப்பனுக்கும் நாலு விஷயம் தெரிந்திருக்கும் என்று தலைமையாசிரியை என்னை ஐந்து நிமிடம் பேசச் சொல்லிவிட்டார். எனக்குத் தெரிந்த காடு கடைக்குப் பின்னால் கிடக்கிற காலி மனைதான். அங்கே ஆரஞ்சும் மஞ்சளுமாய்க் கொத்துக்கொத்தாய்ப் பூத்திருந்ததை ஒடித்து வந்து, நசுக்கி லேமினேட் போட்டு, 'நம் காட்டின் செல்வம்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, கலரில் அறுபது பிரதி எடுத்துக் கொடுத்தேன். பேசி முடித்துக் கைதட்டலுக்கு நிற்கிறேன், தையல்கடைக்காரர் மகள், பன்னிரண்டாவது படிக்கிறாள், எழுந்து, அங்கிள் இது உண்ணிச்செடி, வெளியிலேர்ந்து வந்து காட்டையே அடைச்சுக்கிட்டு நம்ம செடி எதையும் வளர விடாது, அக்கா வேலையே இதைப் பிடுங்குறதுதானே என்றாள். மூன்று வருடமாய் நீ இடுப்பொடியப் பிடுங்குவதை அப்பன் அறுபது பேருக்கு அச்சடித்து வழங்கியிருக்கிறேன். அம்மா சிரித்துப் புரையேறி, அவ போன்ல சொல்றப்போ காதை எங்க கழட்டி வச்சிருந்தீங்க என்றாள்.

நான் ஒருவன்தான் கோமாளி என்று நினைக்காதே. சிறப்பு விருந்தினர் ஒரு மணி நேரம், இளைஞர்களே காடு உங்களை அழைக்கிறது என்று முழங்கினார். உங்க பையன் எந்தக் காட்டுல சார் என்று வாய் சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன். அவன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் படிக்கிறானாம். காடு ஊரான் வீட்டுப் பிள்ளையாகப் பார்த்துத்தான் அழைக்கும் போலிருக்கிறது.

ஆனால் தையல்கடைக்காரர் மகளை நிஜமாகவே அழைத்துவிட்டது. வனவியல் படிப்புக்கு விண்ணப்பம் பூர்த்தி செய்து வைத்திருக்கிறாள், அப்பா கையெழுத்து மட்டும் பாக்கி, வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழக்கிழமை அவரே கழுத்தில் டேப்பும் கையில் அந்த விண்ணப்பமுமாய் என் கடைக்கு வந்து, அண்ணே ஒளிக்காம சொல்லுங்க, பொம்பளப் புள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பிட்டு உங்களுக்குத் தூக்கம் வருதா என்றார். இருக்கிறதைச் சொன்னேன். சம்பளம் சுமார்தான், அட்டை கடிக்குது, சிக்னல் வேணும்னா மேட்டுல ஏறணும், பேசுற பத்து நிமிஷத்துல எங்களை விசாரிக்கிறது அரை நிமிஷம், மிச்சமெல்லாம் ஏழு மாசம் கழிச்சு முளைச்ச ஏதோ ஒரு விதையைப் பத்தி, ஆனா நம்ம வீட்டுல இருந்தப்போ அவ இப்படிச் சிரிச்சு நான் கேட்டதில்லை என்றேன். அவர் டேப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். பிறகு, நீங்க எப்படிண்ணே மனசு வந்து அனுப்பினீங்க என்றார். நான் பேப்பர் சிக்கிக்கொண்ட மாதிரி மிஷினைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். நிமிர்ந்தபோது என் சட்டைப்பையிலிருந்து விழுந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

நன்றாக இரு, சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு, முழங்கால் வரை காலுறை இல்லாமல் உள்ளே போகாதே. நம் மண்ணின் செடி எது என்று படத்தோடு அனுப்பி வை, தலைமையாசிரியை மறுபடி கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

மிஷினுக்குள் தலையை விட்டு நான் விழுங்கிய பதில் இதுதான். நான் எங்கே அனுப்பினேன், உன் விண்ணப்பத்தை மேசைக்குள் பூட்டி வைத்தவன் நான், நீதான் வேறு வாங்கி அம்மா கையெழுத்தோடு போனாய், பஸ் ஏற்றிவிடக்கூட நான் வரவில்லை. என் பேச்சைக் கேட்காமல் போனாயே, அதற்கு உனக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

இப்படிக்கு
உன் அப்பா