உறவினர் தம் கைப்பட நிரப்ப வேண்டியது

மார்ச் 4

அன்புள்ள குட்டிக்கு,

அக்கா எழுதுகிறேன். நான்கு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை உன் மாமியார் எடுத்து, "யாரும்மா பேசறது?" என்று கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமா? நானும் சௌக்கியம் என்று எழுதக் கை பழக்கத்தில் போகிறது, பிடித்து நிறுத்துகிறேன். நான் சௌக்கியமாக இல்லை குட்டி. போன ஆகஸ்டில் சலவைக்கூடத்தில் விழுந்தேன் என்று சொன்னேனே, அதற்கப்புறம் நேராக நிற்கவே இல்லை. ஈரப் போர்வை ஏற்றின தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு பின்பக்கமாக நடந்து வந்தேன். தரையெல்லாம் சோப்புத் தண்ணீர். நான் வழுக்கினேன், வண்டி என் மேல் சாய்ந்தது. முதுகெலும்பில் இரண்டு இடத்தில் கோளாறாம். இடது கால் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இருபத்தொரு வருஷம் அந்த ஆஸ்பத்திரியின் அழுக்கைத் துவைத்தேன். மூன்று மாசம் பொறுத்தார்கள், அப்புறம் என் இடத்தில் வேறு பெண்ணைப் போட்டுவிட்டார்கள். அவளைத் திட்டலாம் என்றால் அவளும் நல்ல பெண்ணாக இருந்து தொலைக்கிறாள்.

வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் உதவித்தொகை தருகிறது. அதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். பதினெட்டுப் பக்கம். டாக்டர் பரிசோதனையும் முடிந்தது. தரையில் ஒரு பேனாவைப் போட்டு, "குனிஞ்சு எடுங்கம்மா" என்றார். "குனியறதுல ஒண்ணும் இல்ல டாக்டர், நிமிர்றதுதான் வராது" என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. ஆனால் இயலாதவர் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

பாக்கி ஒரே ஒரு தாள்தான், பகுதி ஆறு. நெருங்கிய இரத்த உறவு தன் கைப்பட நிரப்ப வேண்டும். எனக்கு உன்னை விட்டால் யார்? அதில் மூன்று கட்டம் இருக்கிறது. அ: விண்ணப்பதாரரை நான் பராமரிக்கிறேன். ஆ: உறவு உண்டு, பராமரிக்க இயலவில்லை. இ: எங்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. நீ ஆ-வில் டிக் போட வேண்டும். தப்பு வந்துவிடக்கூடாது என்று பென்சிலால் புள்ளி வைத்திருக்கிறேன். யாருடைய விண்ணப்பம் என்று அதிகாரி பார்ப்பதற்கு முதல் பக்கத்தின் நகலையும் கூட வைத்திருக்கிறேன். டிக் போட்டு, ஒரு அதிகாரியின் முத்திரையோடு அனுப்பிவிடு. மாப்பிள்ளைக்குத் தெரியாத அதிகாரியா?

இந்தத் தாள் போகாவிட்டால் எதுவும் வராது. வீட்டுக்காரம்மா ஜூன் வரை பொறுக்கிறேன் என்றிருக்கிறாள்.

உன் அக்கா


மார்ச் 19

என் உயிருக்கு உயிரான அக்காவுக்கு,

உன் செல்லத் தங்கை ஆயிரம் முத்தங்களோடு எழுதுவது. உன் கடிதத்தைப் படித்துவிட்டு அரை மணி நேரம் அழுதேன். அப்புறம் டைல்ஸ் ஒட்டுகிறவர்கள் வந்துவிட்டார்கள், எழுந்து போக வேண்டியதாகிவிட்டது. சமையலறை முழுக்க மாற்றுகிறோம். இவர் சாம்பல் நிறம் என்கிறார், மாமியார் வெள்ளை என்கிறார், நடுவில் என் தலை உருளுகிறது. உனக்கென்ன அக்கா, ஒற்றை ஆள், ஒற்றை அறை, யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

போன் எடுக்காததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இந்த வீட்டில் சுவருக்குக் காது இல்லை, மாமியார்தான் இருக்கிறார்.

உன் படிவம்தான் எனக்கு இரண்டு வாரமாகத் தூக்கமில்லாமல் பண்ணியது. முதல் பக்கத்திலேயே "தொழில்: சலவைக்கூடத் தொழிலாளி" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாயே! இங்கே எல்லோரும் உன்னை ஆஸ்பத்திரி நிர்வாகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் பெரிய பொறுப்பு என்றுதான் கல்யாணத்தின்போது சொன்னேன். போர்வை இல்லாமல் ஆஸ்பத்திரி நடக்குமா? முத்திரை வைக்கப்போகிற அதிகாரி எங்கள் தெருக்காரர், இவரோடு குடியிருப்போர் சங்கத்தில் இருக்கிறார். இவர் இந்த வருஷம் தலைவர் பதவிக்கு நிற்கிறார்.

அதையெல்லாம் விடு. கூடப்பிறந்தவளைப் பராமரிக்கவில்லை என்று என் கையால் எப்படி அக்கா எழுதுவேன்? அதை எழுதினால் நான் மனுஷியா?

நீ கவலைப்படாதே. முதல் பக்கத்தை எடுத்து வைத்துவிட்டு, பகுதி ஆறை மட்டும் என் மனசாட்சிப்படி நிரப்பி, முத்திரையோடு நேராக ஆபீசுக்கே அனுப்பிவிட்டேன். உன்னைப் பற்றித் தனியாக ஒரு பக்கமும் எழுதிச் சேர்த்தேன். எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்துவிட்டது. இவர் படித்துவிட்டு, "இவ்வளவு நல்லா எழுதுவியா நீ?" என்று கேட்டார்.

என்றும் உன் குட்டி


மார்ச் 27

என் தங்கமே,

உன் கடிதம் கிடைத்தது. உன்னை இந்த இரண்டு வாரமாக மனசுக்குள் என்னென்னவோ திட்டிவிட்டேன். கல்நெஞ்சக்காரி, மறந்துவிட்டாள், இவளுக்கா பாவாடையிலிருந்து படிப்பு வரை பார்த்துப் பார்த்துச் செய்தேன் என்றெல்லாம். என் வாயைக் கழுவ வேண்டும். மன்னித்துக்கொள்.

ஆ-வில்தானே டிக் போட்டாய்? நீ "மனசாட்சிப்படி" என்று எழுதியது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

மாடிப்படி இருபத்திரண்டையும் இப்போது உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்குகிறேன். கீழ்வீட்டுக் குழந்தை நான் விளையாடுகிறேன் என்று நினைத்து அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து இறங்குகிறது.

அக்கா


ஏப்ரல் 22

குட்டி,

விண்ணப்பம் தள்ளுபடி. காரணம்: "குடும்பத்தாரால் முழுமையாகப் பராமரிக்கப்படுகிறார்."

நம்பாமல் ஆபீசுக்கே போனேன். இரண்டு பஸ். வரிசையில் நிற்க முடியாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்தேன். எழுத்தர் என் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ராணி மாதிரி வச்சிருக்காங்க, உங்களுக்கு எதுக்கு இந்தக் காசு?" என்றார். நீ சேர்த்த பக்கத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

எனக்கு உன் வீட்டில் தனி அறையாம். ஜன்னலைத் திறந்தால் தோட்டமாம். நேரத்துக்கு மருந்தை நீயே உன் கையால் தருகிறாயாம். "என் அக்கா எனக்குத் தாய். சின்ன வயதில் போர்வை மடிக்கும்போது ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறு முனையை நான். இன்றும் அப்படித்தான் இருக்கிறோம்." இதைப் படித்தபோது வரிசையில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு உன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

நீ எனக்கு ஒரு மாத்திரை வாங்கித் தந்திருக்கிறாயா? இந்த எட்டு மாசத்தில் ஒரு தடவை வந்து எட்டிப் பார்த்தாயா? நான் உன்னிடம் எதுவும் கேட்கவில்லையே! உள்ளதை உள்ளபடி எழுது என்றுதானே கேட்டேன்.

திருத்தி எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களாம். ஜூன் பத்து கடைசி நாள். புதுப் படிவம் வைத்திருக்கிறேன். இந்தத் தடவை பேனாவாலேயே புள்ளி வைத்துவிட்டேன்.

அக்கா


மே 2

அன்புள்ள அக்கா,

நீ இப்படி எழுதுவாய் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கழுத்தை நெரிப்பாயா? உன்னை ஊரார் முன்னால் உயர்த்தி எழுதியதற்கு இதுதான் கைம்மாறா?

திருத்த முடியாது அக்கா. முதலில் எழுதியது பொய் என்றால் இவர் பெயர் கெட்டுவிடும். முத்திரை வைத்தவருக்கும் தலைவலி. தேர்தல் இன்னும் இரண்டு வாரம்தான் இருக்கிறது. "உங்க அக்காவுக்கு எப்பவுமே வலி கொஞ்சம் அதிகம்தான்" என்று இவர் சொல்கிறார். நான் உனக்காகத்தான் பேசினேன், ஆனால் அதில் உண்மை இல்லாமலும் இல்லை. இங்கே எதிர்வீட்டு அம்மாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டது, தினமும் நடைப்பயிற்சி போகிறார். மனசுதான் காரணம். நீ உட்கார்ந்தபடி செய்கிற வேலை ஏதாவது பாரேன். டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறது, போன் எடுக்கிறது, அந்த மாதிரி.

பழைய சோபாவின் மெத்தைத் திண்டு ஒன்று இருக்கிறது. முதுகுக்கு நன்றாக இருக்கும். யாராவது அந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

குட்டி


மே 9

என் அருமைத் தங்கைக்கு,

நன்றாக யோசித்தேன். தப்பு என்னுடையதுதான். நீ முத்திரையோடு எழுதிக் கொடுத்ததை நான் பொய் என்று சொல்லிவிட்டேன். அரசாங்கக் காகிதத்தில் பொய் இருக்குமா? அதை உண்மையாக்குவதுதான் மரியாதை.

எனவே, வருகிற வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். வீட்டுக்காரம்மாவிடம் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். தோட்டம் பார்த்த அந்த அறையைப் பெருக்கி வை. கட்டில் தாழ்வாக இருக்கட்டும். கக்கூஸ் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும், டைல்ஸ்காரர்கள் இன்னும் இருந்தால் சொல்லிப் பதித்துவிடு. குளிக்க ஒரு ஆள் துணை வேண்டும். உன் மாமியார் சும்மாதானே இருக்கிறார். காலையில் எனக்குச் செருப்பு மாட்டிவிட வேண்டும். சில நாள் நேரத்துக்கு எழுந்திருக்க முடியாமல் படுக்கை நனைந்துவிடுகிறது. போர்வை துவைக்கிற விதம் நான் சொல்லித் தருகிறேன், இருபத்தொரு வருஷ அனுபவம்.

சங்கத் தேர்தலுக்கு நாலு பேர் வீட்டுக்கு வருவார்களே, அவர்களோடு நானும் ஹாலில் உட்கார்ந்து பேசுகிறேன். எனக்கு ஆஸ்பத்திரியில் என்ன பொறுப்பு என்று கேட்டால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு மாப்பிள்ளையை அனுப்பு. என்னைத் தூக்கித்தான் இறக்க வேண்டியிருக்கும்.

உன் பராமரிப்பில் இருக்கும்
அக்கா


மே 12 (கூரியர்)

அக்கா,

வராதே. படிவம் நிரப்பி முத்திரையோடு ஆபீசுக்குப் போய்விட்டது. முதலில் எழுதியது பாசத்தில் தவறுதலாக எழுதியது என்று குறிப்பும் வைத்திருக்கிறேன்.

நீ கேட்டபடி ஆ-வில் போடவில்லை. ஆ-வில் போட்டால் அக்காவைத் தெரிந்தே விட்டுவிட்டேன் என்று ஆகும். இ-யில் போட்டிருக்கிறேன். அதில் யார் மேலும் பழி இல்லை, இவரும் அதுதான் நல்லது என்றார். உனக்கும் காசு சீக்கிரம் வருமாம்.

தயவுசெய்து வராதே.


ஜூலை 3

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தொடர்பு இல்லாதவர்களுக்கு இப்படித்தான் எழுத வேண்டும். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். "தாங்கள்" இதற்கு மேல் கையில் வரவில்லை, விட்டுவிடுகிறேன்.

உதவித்தொகை மஞ்சூராகிவிட்டது. முதல் மாசத் தொகை வந்தது. வீட்டுக்காரம்மா சிரித்தாள். கீழேயே ஒரு அறை காலியாகிறதாம், படி இல்லாமல் இருக்கலாம். நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

எழுத்தர் உன் இரண்டாவது காகிதத்தையும் சத்தமாகத்தான் படித்தார். அவர் படிக்கிற விதமே அப்படித்தான் போலிருக்கிறது. "மேற்படி பெண்மணியோடு பல ஆண்டுகளாக எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை. அவர் எங்கே இருக்கிறார், என்ன செய்கிறார் என்பது எனக்குத் தெரியாது." படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். போன தடவை ராணி என்று சொன்னவர் இந்தத் தடவை உட்கார நாற்காலி போட்டார். உடம்புக்கு ஏதாவது ஆனால் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார். உன் விலாசம் வாய்வரை வந்தது. அந்த இடத்தில் வெறும் கோடு போட்டுவிடுங்கள் என்றேன்.

இன்னும் ஒன்று. இ-யில் டிக் போட்டவர்களின் கணக்கு வேறு. வருஷா வருஷம் ஒரு அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பார். உன் கடிதமோ, போட்டோவோ, நீ வந்து போனதற்கான அடையாளமோ இருந்தால் தொகை நின்றுவிடும். ஆ-வில் போட்டிருந்தால் இதெல்லாம் கிடையாது. நீ வந்திருக்கலாம், எழுதியிருக்கலாம், போனை எடுக்காமல்கூட இருந்திருக்கலாம். அதற்காகத்தான் முட்டாள் மாதிரி புள்ளி வைத்துக் கொடுத்தேன்.

அதனால் உன் கடிதங்கள் எல்லாவற்றையும் இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நீ ஸ்கூலில் இருந்து எழுதினது முதல் எல்லாம் இருக்கிறது. நாம் இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த அந்த ஒரே போட்டோவும் அதில்தான் இருக்கிறது. மாமியார் பார்ப்பதற்குள் எடுத்துவிடு.

உண்மையைச் சொல்கிறேன், வருவதாக எழுதியது உன்னைப் பயமுறுத்தத்தான். படுக்கை நனைகிறது என்று எழுதியது பொய். அறையைக் காலி செய்வதாக யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் எழுதி முடித்து ஒட்டினதும் எனக்கே ஆசை வந்துவிட்டது. நீ "வா" என்று எழுதிவிட்டால் என்ன செய்வது என்று துணியெல்லாம் மடித்துப் பையில் வைத்தேன். நல்ல போர்வை ஒன்றை உனக்கென்று மேலே வைத்தேன். மூன்று நாள் அந்தப் பை கதவோரமாகவே இருந்தது. உன் கூரியர்காரன் அதில் இடித்துக்கொண்டுதான் கையெழுத்து வாங்கினான்.

நீ முதலில் எழுதிய அந்தப் பக்கத்தைக் கேட்டேன். ரத்தான காகிதத்தைத் தரமாட்டார்களாம். ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தர் கையில் கொடுத்தார். தோட்டமும் ஜன்னலும் மருந்தும் எல்லாம் பொய்தான். போர்வை மடித்த வரி மட்டும் நிஜம். அதை இரண்டு தடவை படித்தேன். அதன் மேலேயே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்கள். திருப்பிக் கொடுத்துவிட்டு, காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

இதற்குப் பதில் எழுதாதே. தவறியும் எழுதாதே. எழுதினால் என் சோறு போய்விடும்.

இப்படிக்கு,
பயனாளி எண் 4417