எச்சில் விரல்

அன்பு மகளுக்கு,

நலமா என்று முதலில் உன்னைக் கேட்டுவிடுகிறேன். என் நலத்தைப் பிறகு சொல்கிறேன்; அதுவரை தாவிப் படிக்காதே. போனில் பேசியிருக்கலாம். இரண்டு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது, நீ பயந்துவிடுவாய். அதனால் எழுதி, தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டப் போகிறேன். அப்பா வெளியே நின்று படம் எடுத்து உனக்கு அனுப்புவார். காகிதம் இந்த அறையை விட்டு வராது.

இதற்குள் புரிந்திருக்கும். ஆமாம், எனக்குத் தொற்று வந்துவிட்டது. இன்றோடு நான்கு நாள். மூச்சு நன்றாக இருக்கிறது. விரலில் மாட்டும் கருவி தொண்ணூற்றாறு காட்டுகிறது. அரை மணிக்கொரு தரம் மாட்டிப் பார்க்கிறேன். "அதுக்கும் கொஞ்சம் ஓய்வு குடு" என்கிறார் அப்பா, கதவுக்கு வெளியிலிருந்து. படுத்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் உட்காரத் தோன்றுகிறது. குட்டி போட்ட பூனை மாதிரி இந்தச் சின்ன அறைக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அப்பா சமையலில் உப்பே தெரியவில்லை. என் நாக்கு செத்துவிட்டதா, அவர் போடவே இல்லையா என்று கேட்க மனம் வரவில்லை.

இந்த வீட்டில் நான் போட்ட சட்டங்கள் உனக்குத் தெரியும். அப்பா செருப்பை வாசலில் விட்டு, நேரே போய் இருபது வரை எண்ணிக் கை கழுவ வேண்டும். பதினைந்தில் நிறுத்தினால் திருப்பி அனுப்புவேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

அலுவலகப் பதிவறையில் இருபத்தாறு வருடம் கோப்பு புரட்டிய கை இது. கட்டைவிரலை நாக்கில் தொட்டால்தான் பழைய தாள் பிரியும். அதற்காகவே எல்லோருக்கும் ஈரப் பஞ்சு வைத்த கிண்ணம் கொடுத்தார்கள். அதைப் பேனாவுக்குப் பக்கத்தில் அழகாக வைத்துவிட்டு, முகக்கவசத்தை இறக்கி, விரலை நனைத்து, மறுபடி ஏற்றியிருக்கிறேன். நாள் முழுக்க. எனக்கே தெரியவில்லை. பக்கத்து மேஜைத் தட்டச்சுக்காரிதான் போன வாரம் சொன்னாள். "அக்கா, எங்களையெல்லாம் கை கழுவச் சொல்லிட்டு நீங்க பக்கத்துக்குப் பக்கம் விரலை வாயில வைக்கிறீங்களே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. உன் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டேன்.

நேற்று அவளுக்கும் காய்ச்சல் என்று தெரிந்தது. என்னிடமிருந்து போனதா, வேறெங்கிருந்தாவது வந்ததா, யாருக்கும் தெரியாது. தெரியாததுதான் என்னைத் தின்கிறது. மன்னிப்புக் கேட்டுச் செய்தி அனுப்பினேன். "உடம்பைப் பாத்துக்கோங்க அக்கா" என்று மட்டும் பதில் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் பிரசவத்துக்கு இன்னும் ஆறே நாள். என்னால் வர முடியாது. பிரசவ அறை வாசலிலேயே நிற்பேன் என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். போன மாதம் உன் மாமியார் தான் வருவதாகச் சொன்னபோது, "பெத்தவ நான் இருக்கேன், நீங்க சிரமப்படாதீங்க" என்று மரியாதையாகவே கதவைச் சாத்தினேன். அதே கதவை இன்று காலை நானே தட்டினேன். அவருக்கும் ஒரு தாள் எழுதி ஜன்னலில் ஒட்டினேன். நாளைக்கே கிளம்பி வருவதாகப் பதில் அனுப்பியிருக்கிறார். நிம்மதியாகவும் இருக்கிறது, வயிறு எரியவும் செய்கிறது. உன்னிடம் மறைக்க மாட்டேன்.

அவர் சொல்வதைக் கேள். அம்மா இப்படிச் செய்ய மாட்டாள் என்று குறை சொல்லாதே. வீட்டில் கூட்டம் சேர்க்காதே. பார்க்க வருபவர்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போகட்டும். நீயும் புத்தகம் படிக்கும்போது விரலை நாக்கில் தொடுவாய், என்னைப் பார்த்துக் கற்றதுதான். இன்றோடு விட்டுவிடு.

நீ நல்லபடியாகப் பெற்றெழுவாய். மாமியாரை இருபது வரை எண்ணிக் கை கழுவச் சொல். பதினைந்தில் நிறுத்தினால் கோபிக்காதே, மெதுவாகச் சொல். குழந்தையை முதலில் வாங்கும் கை என்னுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கழுவிய கையாக இருந்தால் போதும்.

உன்
அம்மா