எண்பது கிலோமீட்டர் ஓடும் டயர்

அன்புள்ள அப்பாவுக்கு வீப்கே எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? இங்கே மியூனிக்கில் நான் நலம்.

போன ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் நம் ஊர் ஹூசுமுக்குக் காரில் புறப்பட்டேன். அரை மணியில் டயரில் ஆணி ஏறிவிட்டது. பயப்படாதீர்கள், என்னுடையது காற்று போனாலும் ஓடும் ரன்-ஃபிளாட் டயர். ஆனால் எண்பது கிலோமீட்டர்தான் தாங்கும். நம் வீடோ தொள்ளாயிரம் கிலோமீட்டர் தள்ளி. ஞாயிறு கடை கிடையாது, காரில் ஸ்டெப்னியும் இல்லை. திரும்பிவிட்டேன்.

இனி சாதா டயர்தான், கூடவே ஒரு ஸ்டெப்னி. "ஸ்போர்ட்ஸ் காருல அத வச்சா பெட்டி எங்கம்மா வைப்ப?" என்று சிரித்தார் டயர் கடை அலோய்ஸ்.

"பெட்டி வேணாம், ஊரு போய்ச் சேந்தாப் போதும்" என்றேன்.

உங்கள் பழைய ஜாக்கியை அனுப்புங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது. அங்கே அலமாரியில் இருக்கும் என் துணிகளை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், வெறுங்கையோடுதான் வருவேன்.

வீப்கே