அக்காவின் சுருள்மூடி மேசை

சிகாமட்
9.2.2025

தம்பி தேவானந்தனுக்கு,

நான் முழங்கால் அறுவைக்காக மருத்துவமனையில் கிடந்த பதினொரு நாளில், என்னைக் கேட்காமல் என் மேசையைக் கூலாயில் உன் வீட்டுக்குக் கொண்டுபோய், பழைய மெருகைத் தேய்த்தெடுத்து, புது வார்னிஷ் அடித்திருக்கிறாய். இது தவறு. நீ அனுப்பிய படத்தில் அது கல்யாண மண்டபத்து நாற்காலி போல மின்னுகிறது. தொலைபேசியில் சொன்னால் சிரித்து மழுப்புவாய். அதனால் எழுதுகிறேன்.

அது என்ன மேசை என்று உனக்குத் தெரியாது. நூறு வருடத்துக்கு முன் அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்து ஆலையில் செய்தது. நம் ஊரில் இருந்த அமெரிக்கக் கம்பெனியின் ரப்பர் தோட்ட அலுவலகத்துக்குக் கப்பலில் வந்தது. ரப்பர் தோட்டம் செம்பனை எண்ணெய்த் தோட்டமாக மாறி அலுவலகம் மூடியபோது, அங்கே தட்டச்சு வேலை பார்த்த நான் கேட்டு வாங்கினேன். கைவேலைகூட இல்லை, வெறும் ஆலைச் சரக்கு என்று அன்றே நீ கேலி செய்தாய். ஆலைச் சரக்கு என்பதுதான் அதன் பெருமை. பக்கத்து எட்டு லாச்சியும், அகராதி இழுப்பறை என்று சொல்வது, ஒரே அளவு. எதை எந்தக் குழியில் போட்டாலும் சத்தமில்லாமல் உள்ளே போகும். பெரிய மனிதர் ஒருவருக்காக வருடக்கணக்கில் செதுக்கியது அல்ல. விலைப்பட்டியலைப் பார்த்து ஒரு குமாஸ்தாவும் வாங்கட்டும் என்று செய்தது. அதற்காக மரத்தில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஓக் மரத்தைப் புலிக்கோடு போல வரி தெரியும்படி நான்காகப் பிளந்து அறுத்திருக்கிறார்கள். இதையெல்லாம் எனக்கு யாரும் படிப்பிக்கவில்லை. நூலகப் புத்தகத்தையும் அகராதியையும் வைத்து நானே தெரிந்துகொண்டேன்.

சட்டம் சட்டமாகச் சுருண்டு உள்ளே போகும் அந்த மூடி இன்னும் உருள்கிறதா? நடு லாச்சியின் அடியில் ஆலையின் தாள் முத்திரை இருக்கிறதா? இரண்டுக்கும் பதில் எழுது. அதுவரை என் வீட்டுக்கு வராதே.

அன்னலட்சுமி


கூலாய்
16.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. "மச்சாள் கையெழுத்து. நீங்களே திறங்க, எனக்குப் பயமா இருக்கு" என்று கொடுத்துவிட்டு உங்கள் தம்பி பெண்டாட்டி யோகேஸ்வரி அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மூடி உருளவில்லை. மெருகு போட்ட ஜெயபாலன், சட்டங்களைப் பின்னால் சேர்த்துப் பிடித்திருந்த கித்தானை அழுக்குத் துணி என்று உரித்துவிட்டு, சட்டங்களை வெள்ளைப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டார். இப்போது அது ஒரே பலகை. பாதி திறந்தபடி நிற்கிறது. கேட்டதற்கு, "ரொம்ப ஆடுச்சு சார், நல்லா டைட் பண்ணிட்டேன் லா" என்றார். பெருமையாகத்தான் சொன்னார்.

நடு லாச்சியை மட்டும் நான் அவரிடம் கொடுக்கவில்லை. அதில் உங்கள் கண்ணாடியும் மருந்துச் சீட்டுகளும் இருந்ததால் அப்படியே கழற்றி என் அலமாரியில் வைத்தேன். பழைய நிறம், தாள் முத்திரை, எல்லாம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மெருகு போடுவதற்காக நான் மேசையைக் கொண்டுவரவில்லை. போன வெள்ளத்தில் படகு வந்து நிற்க, மேசையைச் செங்கல்மேல் ஏற்றாமல் வரமாட்டேன் என்று இடுப்பளவு தண்ணீரில் நின்றீர்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் எனக்கு வேலை ஓடுவதில்லை. மேசை இங்கே வந்துவிட்டால் பின்னாலேயே நீங்களும் வருவீர்கள் என்று நினைத்தேன். பின்னறையை அதற்காகத்தான் கட்டினேன். பளபளப்பாக இருந்தால் சந்தோஷப்படுவீர்கள் என்றும் நினைத்தேன்.

திருப்பி அனுப்பவா? சொன்னால் லாரி பிடிக்கிறேன்.

அன்புத் தம்பி
தேவானந்தன்


சிகாமட்
2.3.2025

தேவா,

இரண்டு வாரம் உனக்கு எழுதவில்லை. கோபம் தீரட்டும் என்று பார்த்தேன். தீரவில்லை. என்னிடம் கேட்டிருக்கலாம். முடியாது என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும்.

மேசை நின்ற இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கிறது. இதைத் துணி தேய்க்கும் பலகையில் வைத்து எழுதுகிறேன்.

அதைச் செய்தவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். மேற்பகுதி தனி, பக்கப் பெட்டிகள் தனி, எல்லாம் திருகாணியில் நிற்கிறது. முன்பின் தெரியாத ஊருக்குப் போகும், அங்கே யாரோ ஒருவர் சரியாகப் பூட்டுவார் என்று நம்பிச் செய்திருக்கிறார்கள். எத்தனை பெரிய நம்பிக்கை. இடம் மாறியதால் அந்த மேசை ஒருநாளும் கெட்டதில்லை. அசையவிடாமல் ஒட்டியதால்தான் கெட்டது. ஒட்டியது ஜெயபாலன் மட்டும் என்று சொல்லமாட்டேன்; நானும் இந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டுதான் கிடந்தேன்.

இனிச் செய்ய வேண்டியவை:

ஜெயபாலன், சூடான வினிகரைத் துணியில் நனைத்துப் பசையை இளக்கி, சட்டங்களைப் பிரிக்க வேண்டும். உளி கூடாது. வரிசை மாறாமல் ஒவ்வொன்றின் பின்னும் பென்சிலால் எண் போட வேண்டும். உப்புத்தாளை இனித் தொடக்கூடாது.

யோகேஸ்வரி, இரண்டு முழம் பருத்திக் கித்தான் வாங்க வேண்டும். என் கையெழுத்துக்குப் பயப்படுவதை நிறுத்த வேண்டும்.

கித்தானை நான்தான் ஒட்டுவேன். நடு லாச்சியின் நிறத்தைப் பார்த்து அரக்கு மெருகும் நானே போடுவேன். முழங்கால் மடங்காது, அதனால் உயரமான முக்காலி வேண்டும்.

நீ, அந்த லாச்சியை யாரிடமும் கொடுக்காதே. மேசையைப் பின்னறையில் வெயில் படாத சுவரோரம் வை. என் கட்டில் எதிர்ச் சுவரில். சனிக்கிழமை ஒன்பது மணிக்கு என்னைக் கூட்டிப்போக வா. லாரி வேண்டாம், கார் போதும். வந்ததும் வாசலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடு. காரில் கேட்காதே, பேசிக்கொண்டே ஓட்டினால் நீ யோங் பெங் பக்கம் வழி தவறிவிடுவாய்.

அக்கா